கொக்கி முள்ளை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

வாட்ஸ்அப்பில் எனக்கு வாரம் தவறாமல் கள்ளிப் படம் வரும். பெரும்பாலும் ஒரே மாதிரி படம்தான். கைக்குள் அடங்குகிற உருண்டை, மேலே வெள்ளை முள் போர்த்தியிருக்கும், நடுநடுவே கறுப்பாக வளைந்த முள். "அக்கா, இது கிரகாமிதானே?" என்று கீழே ஒரு வரி. அமெரிக்காவில் டூசான் நகரத்தில் இருக்கும் நம்மவர்களில் செடிப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் மாமில்லேரியா கிரகாமி என்ற பெயர் இப்போது தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் ஆமாம் என்று நான் சொல்வதில்லை. எந்த மாதம் பூத்தது, பூவுக்கு நடுவில் என்ன நிறம், பழம் வந்ததா, விதையைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஒரு பெயர் சொல்ல இவ்வளவு கேள்வியா என்பார்கள்.

இவ்வளவும் வேண்டும். இந்தச் சின்னக் கள்ளியை உறுதியாக அடையாளம் சொல்ல, அது ஒரு தடவையாவது பூத்துக் காய்த்துப் பழுக்க வேண்டும். அதுவரை அதை அழுகவிடாமல் வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வளர்ப்பையும் அடையாளத்தையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை. இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

டூசான், அரிசோனா மாநிலத்தில் சொனோரன் பாலைவனத்துக்குள் இருக்கிற ஊர். பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்து வருபவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. சரளைக்கல் தரை, ஓங்கி நிற்கும் சகுவாரோ கள்ளி, பட்டையே பச்சையாக இருக்கும் பாலோ வெர்டே மரம், ஈரம் பட்டால் ஊரையே மணக்கவைக்கும் கிரியோசோட் புதர். ஆண்டுச் சராசரி மழை 270 மில்லிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் கோடையில் இடியோடு வருகிறது. இங்குள்ளவர்களும் அதை மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். நான் கோவில்பட்டிப் பக்கம், மானாவாரி நிலத்தில் வளர்ந்தவள். ஜூன் மாதம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்ப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிரகாமி இந்த ஊருக்குச் சொந்தமான செடி. கலிபோர்னியாவின் தென்கிழக்கு ஓரத்திலிருந்து அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மேற்கு வரைக்கும், தெற்கே மெக்சிகோவின் சொனோரா, சிவாவா மாநிலங்களுக்குள்ளும் வளர்கிறது. வளர்ந்தால் பதினைந்து சென்டிமீட்டர் உயரம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. சகுவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில் நடந்தால் வழிக்கு இரண்டு பக்கமும் இது இருக்கும், ஆனால் கண்ணில் படாது. காரணம், அது திறந்த வெளியில் முளைப்பதில்லை. பாலோ வெர்டே அடியிலோ, அம்ப்ரோசியா புதரின் காலடியிலோ, ஒரு பாறையின் நிழலிலோதான் கன்று பிழைக்கும். நேர் வெயிலில் விழுந்த விதை முளைத்தாலும் ஒரு ஜூன் மாதத்தைத் தாண்டாது. இதை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாலைவனச் செடிதானே என்று சின்னக் கன்றை மொட்டை வெயிலில் வைக்கிறவர்கள் நிறையப் பேர்.

சரி, முள்ளுக்கு வருவோம். ஒரு கன்றைக் கையில் எடுத்து, பத்து மடங்கு காட்டும் கைலென்ஸில் பாருங்கள். (எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. லென்ஸ் இல்லாமல் எதையும் பார்க்கப் பிடிக்காது.) உடம்பில் நேர்கோட்டு வரம்புகள் இருக்காது. தனித்தனிப் புடைப்புகளாக, சுற்றிச் சுற்றிச் சுருள் வரிசையில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு புடைப்பின் நுனியிலும் சின்னதாக ஒரு பஞ்சுப் பொட்டு, அதிலிருந்துதான் முட்கள் கிளம்பும். ஓரமுட்கள் பதினேழிலிருந்து முப்பத்தைந்து வரை, வெள்ளையாக, உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். பச்சை நிறம் சரியாகத் தெரியாத அளவுக்கு அவை மூடிவிடும். நடுமுள் ஒன்றிலிருந்து நாலு வரை, செங்கறுப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றாவது நுனியில் தூண்டில் முள் போல வளைந்திருக்கும். சட்டையில் மாட்டினால் இழுக்காதீர்கள், செடியை நோக்கித் தள்ளினால் தானாகக் கழன்றுவிடும்.

பிரச்சினை என்னவென்றால், இந்த வளைந்த முள் கிரகாமிக்கு மட்டும் உரியது இல்லை. டூசானைச் சுற்றியே கொக்கி முள்ளோடு பல செடிகள் இருக்கின்றன. படத்தில் எனக்கு அதிகமாக வருவது பீப்பாய்க் கள்ளியின் கன்று, அதாவது ஃபெரோகாக்டஸ் விஸ்லிசெனி. வளர்ந்த பிறகு அது இடுப்பளவு வரும், வரம்பு வரம்பாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எலுமிச்சை அளவில் இருக்கும்போது அதற்கும் வரம்பு கிடையாது, புடைப்புகள்தான், கொக்கி முள்ளும் உண்டு. அங்கே நடுமுள்ளை லென்ஸில் பார்க்க வேண்டும். பீப்பாயின் முள் தட்டையாக, குறுக்கே வளையம் வளையமாக வரியோடியிருக்கும். கிரகாமியின் முள் உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிக் குழப்பம் மாமில்லேரியா என்ற பேரினத்துக்குள்ளேயே. மேற்கே அவ்ரா பள்ளத்தாக்குப் பக்கம் மாமில்லேரியா தார்ன்பெரி இருக்கிறது. விரல் பருமனில் பல தண்டுகள் கூட்டமாகப் படரும். தெற்கே உயரமான புல்வெளிகளில் ரைட்டி. வறட்சி அதிகமான மேற்குப் பகுதிகளில் டெட்ரான்சிஸ்ட்ரா. மூன்றுக்கும் கொக்கி முள். மூன்றுக்கும் பூ ஊதா கலந்த ரோஸ் நிறத்துக்குள்தான் வரும். தொட்டியில் பூக்காமல் உட்கார்ந்திருக்கும்போது இவற்றைப் பிரிப்பதற்கு நான் துணிய மாட்டேன். முள் எண்ணிக்கை ஓரளவு கைகொடுக்கும், டெட்ரான்சிஸ்ட்ராவுக்கு ஓரமுட்கள் அறுபதுவரைகூடப் போகும். ஆனால் சின்ன வயதுச் செடி முழு எண்ணிக்கையையும் காட்டாது.

இடையில் பால் விஷயம் ஒன்று இருக்கிறது. மாமனார் இங்கே வந்திருந்தபோது என் தொட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல பால் வருமா? கண்ணுல கிண்ணுல பட்டுறப் போவுது" என்றார். நம்மூர்க் காட்டில் கள்ளியைப் பார்த்தவர் யாரும் கேட்கிற கேள்வி இது. "வராது மாமா, இது வேற சாதி" என்றேன். நம்மூர்ச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூபோர்பியா வகை, ஆமணக்கு இருக்கிற குடும்பம். கீறினால் பால் வடியும், அந்தப் பால் கண்ணைக் கெடுக்கும். இங்கே நான் பேசுகிற கள்ளிகளின் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒன்றே ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. அது மரக்கிளையில் தொங்குகிற, முள்ளில்லாத செடி. நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளிகூட வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். யூபோர்பியாவை இந்தக் குடும்பத்திலிருந்து பிரிக்க நான் பார்ப்பது, முள்ளுக்கு அடியில் அந்தப் பஞ்சுப் பொட்டு இருக்கிறதா என்பதை. பாலை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது. மாமில்லேரியாக்களிலேயே சிலவற்றுக்குப் பால் உண்டு. டூசான் மலையடிவாரத்தில் தட்டையாகத் தரையோடு தரையாக இருக்கும் மக்டூகலியைக் கீறினால் வெள்ளைப் பால் வரும். அது வசந்தத்தில் வெளிர்மஞ்சளாகப் பூக்கும், கிரகாமியோடு குழம்ப வாய்ப்பே இல்லை. அந்தப் பெயருக்குரிய மக்டூகல் இந்த ஊர் டுமமாக் குன்றில் 1903-இல் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தை நடத்தியவர். இன்றைக்கு டூசான்காரர்கள் காலையும் மாலையும் நடைபயிற்சி போகிற குன்று அது.

இப்போது பூ. எனக்கு இந்தச் செடியில் பிடித்ததே இதுதான்.

வசந்தத்தில் மற்றக் கள்ளிகள் எல்லாம் பூத்துக்கொட்டும்போது கிரகாமி பெரும்பாலும் சும்மா இருக்கும். மொட்டுகள் வந்திருக்கும், ஆனால் புடைப்புகளுக்கு நடுவே சின்னதாக நின்றுவிடும். மே போகும், ஜூன் போகும், வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அந்த மொட்டுகள் அப்படியே இருக்கும். முதல் நல்ல மழை இறங்கியதும் நாலைந்து நாளில் அத்தனையும் ஒன்றாகத் திறக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே, தலையைச் சுற்றி வளையமாக ரோஸ் பூக்கள். தெருவில் ஒரு செடி பூத்தால் மலையிலும் பூத்திருக்கும் என்று அர்த்தம். அன்று காலையிலேயே கிளம்பிவிடுவேன். போன வாரம்வரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த செடிகள் ஒவ்வொரு புதருக்கு அடியிலும் தென்படும்.

2020-இல் அந்த மழை கிட்டத்தட்ட வரவே இல்லை. டூசானில் மான்சூன் பருவம் முழுக்கப் பெய்தது 1.62 அங்குலம், அதாவது 41 மில்லிமீட்டர். மலையில் மொட்டுகள் காய்ந்து உதிர்ந்ததைப் பார்க்க மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருஷம் 12.79 அங்குலம் கொட்டியது, ஜூலை மாதத்தில் மட்டும் எட்டு அங்குலத்துக்கு மேல். ஒவ்வொரு மழைக்கும் ஒரு சுற்று என்று அந்தக் கோடை முழுக்கப் பூத்தது. ஒரே செடியில் ஒரு பக்கம் பழம், மறுபக்கம் பூ, நடுவில் புது மொட்டு. அந்த இரண்டு வருஷத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, தொட்டிச் செடிக்கு ஜூன் மாதத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி முன்கூட்டியே பூக்கவைக்க எனக்கு மனசு வருவதில்லை. மழைக்குக் காத்திருப்பேன்.

அடையாளத்துக்குப் பூவில் இரண்டு இடம் பாருங்கள். முதலாவது, பூ எங்கிருந்து கிளம்புகிறது என்பது. மாமில்லேரியாவின் பூ முள் இருக்கிற நுனியிலிருந்து வராது. இரண்டு புடைப்புகளுக்கு நடுவே, அந்த இடுக்கிலிருந்து வரும். அதுவும் போன வருஷம் வளர்ந்த பகுதியிலிருந்து வருவதால்தான் வளையம் உச்சியை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறது. இரண்டாவது, பூவின் நடுவே மகரந்தத் தாள்களுக்கு மேலே எழும்பி நிற்கும் சூலகமுடி. கிரகாமிக்கு அது பச்சை. ரோஸ் இதழுக்கும் மஞ்சள் மகரந்தத்துக்கும் நடுவே தெளிவான இளம்பச்சைக் கதிர்கள். தார்ன்பெரிக்கு அதே இடத்தில் சிவப்பு. படம் எடுக்கும்போது பக்கவாட்டில் அழகாக எடுக்காமல், நேர் மேலிருந்து நடுப்பகுதி தெளிவாகத் தெரியும்படி ஒன்று எடுத்து அனுப்புங்கள். அந்த ஒரு படம் போதும், தார்ன்பெரியைத் தள்ளிவிடலாம்.

பூ உதிர்ந்து சில வாரம் கழித்துப் பழம் எட்டிப் பார்க்கும். குண்டு மிளகாய் நீளத்தில், வழவழவென்று நல்ல சிவப்பு. மெக்சிகோக்காரர்கள் இதை சிலித்தோ என்கிறார்கள், சாப்பிடலாம், இலேசான புளிப்போடு இனிக்கும். ரைட்டியின் பழம் இப்படிச் சிவக்காது, பச்சையும் மங்கலான ஊதாவுமாகத் தடித்திருக்கும். டெட்ரான்சிஸ்ட்ராவின் பழம் சிவக்கும், அதனால் அங்கே விதைக்குப் போக வேண்டும். பழத்தை ஒரு வெள்ளைத் தட்டில் பிதுக்கி, விதைகளை வடிகட்டியில் கழுவி, காகிதத்தில் உலர்த்தி, லென்ஸுக்குக் கீழே வையுங்கள். கிரகாமி விதை ஒரு மில்லிமீட்டர் அளவில், கறுப்பாக, மேலெல்லாம் குழிகுழியாக இருக்கும். டெட்ரான்சிஸ்ட்ரா விதைக்கு அடியில் தக்கைத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும், ஏறக்குறைய விதையின் அளவுக்கே. அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் வாதமே இல்லை. இந்தக் குழுவில் விதை சொல்வதை முள்ளால் மாற்றிப் பேச முடியாது என்பது என் முடிவு.

பெயர்ச்சீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே செடி மூன்று பெயரில் விற்கிறது, மூன்றும் வேறு வேறு செடி என்று வாங்கிவிடாதீர்கள். 1856-இல் இதற்கு மாமில்லேரியா கிரகாமி என்று பெயர் வைத்தவர் ஜார்ஜ் எங்கெல்மன், ஜெர்மனியில் பிறந்து செயின்ட் லூயிஸில் மருத்துவம் பார்த்துக்கொண்டே தாவரவியலும் செய்தவர். கிரகாம் என்பவர் அமெரிக்க மெக்சிகோ எல்லை அளவைப் பணியில் இருந்த படைப் பொறியாளர் ஜேம்ஸ் டங்கன் கிரகாம். பழைய கையேடுகளில் இதே செடி மைக்ரோகார்பா. 2021-இல் மரபணு ஆய்வை வைத்து ஒரு கூட்டம் மாமில்லேரியாக்களைப் பிரித்து கோசெமியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், அதனால் புதிய பட்டியல்களில் கோசெமியா கிரகாமி. நான் சீட்டில் மூன்றையும் எழுதிவிடுகிறேன்.

கடைகளில் இன்னொரு கொடுமை நடக்கிறது. பெரிய கடை ஒன்றின் தோட்டப் பிரிவில், தலையில் பளிச்சென்று மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூவோடு குட்டிக் கள்ளிகளை அடுக்கியிருப்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால், அது சாயமேற்றிய உலர்பூ, சூடான பசையால் செடியின் உச்சியில் ஒட்டியிருக்கும். ஈரத்துக்கு அந்த உலர்பூ சுருங்கி விரிவதால் நிஜம் என்றே பலரும் நம்புகிறார்கள். உச்சிதான் செடி வளர்கிற இடம். அதில் கொதிக்கிற பசையைக் கொட்டினால் அது எப்படி வளரும்? தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பூவைக் கத்தரித்துவிட்டு, பசையை மெதுவாக நெம்பிப் பாருங்கள். தோல் கிழிகிறது என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தில் குட்டி வரலாம்.

வளர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் கிரகாமிக்கு வேண்டியது அதிகமில்லை. சுட்ட மண் தொட்டி, செடியைவிட ஒரு விரல்கடை அகலம். கலவையில் பாதிக்கு மேல் பியூமிஸ் அல்லது பெர்லைட் (தண்ணீர் தேங்கவிடாத இலேசான கல்துகள்), மீதி பெருமணலும் கொஞ்சம் மட்கிய உரமும். தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே வந்துவிட வேண்டும். கோடையில் தொட்டி அடிவரை காய்ந்த பிறகு நன்றாக நனைய ஊற்றுவேன், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. கள்ளிகள் பகலில் தோலில் இருக்கிற நுண்துளைகளைத் திறப்பதில்லை. இரவில்தான் மூச்சு விடும், கரியமில வாயுவை அப்போதுதான் உள்ளே எடுக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தண்ணீர் கிடையாது. மண் காய்ந்திருந்தால் டூசானின் உறைபனி இரவுகளைத் தாங்கிக்கொள்ளும். ஈரத்தோடு குளிர் சேர்ந்தால்தான் வேர் அழுகும். மேற்கு வெயிலுக்கு நிழல்வலை கட்டாயம். தொட்டியில் தெற்கு எது என்று ஒரு கோடு போட்டுவைத்து, இடம் மாற்றினாலும் அதே பக்கம் தெற்கே பார்க்க வைத்தால் தோல் வேகாது.

பூச்சியில் மாவுப்பூச்சிதான் எதிரி. புடைப்புகளுக்கு இடையில் இருக்கிற இயற்கையான பஞ்சோடு பஞ்சாக ஒளிந்துகொள்ளும். லென்ஸில் பார்த்தால் காலோடு நகர்வது தெரியும். ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் தொட்டால் போதும். வேரில் வருகிற மாவுப்பூச்சி இன்னும் மோசம். செடி காரணமே இல்லாமல் சுருங்கினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிடுங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். நனைத்த கலவையின் மேல் தூவி, மூடாமல், பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வெளிச்சமான நிழலில் விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். முதலில் வருகிற முள் மென்மையாகத்தான் இருக்கும், கொக்கி பின்னால்தான் வரும். பூக்க நாலைந்து வருஷம் ஆகும். காட்டிலிருந்து தோண்டி எடுத்துவந்தால் ஒரே நாளில் பூச்செடி கிடைக்குமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரிசோனாவில் அது சட்டப்படி குற்றம். சொந்த நிலமில்லாத இடத்தில் தொடவே கூடாது, சொந்தக்காரர் அனுமதித்தாலும் மாநில வேளாண் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், புதர் நிழலில் அத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்த ஒன்றைப் பிடுங்க எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. வீடு கட்டவும் சாலை போடவும் அழிக்கப்படுகிற நிலத்திலிருந்து, சீட்டோடு மீட்டுக்கொண்டுவந்த செடிகளை இந்த ஊரில் விற்கிறார்கள். முதிர்ந்த செடிதான் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

கோவில்பட்டியிலிருந்து அண்ணியும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "வரும்போது பெட்டியில ஒண்ணு போட்டு எடுத்துட்டு வாயேன், சின்னச் செடிதானே." முடியாது அண்ணி. கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதுமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும், செடிக்கு நோயில்லை என்ற சான்றும் வேண்டும். நம்மூர் நர்சரிகளிலேயே விதையில் வளர்த்த மாமில்லேரியாக்கள் கிடைக்கின்றன, அதில் ஒன்றை வாங்கி, ஐப்பசி மழை படாத இடமாகப் பார்த்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் கேட்டுப் படம் அனுப்பினால் அவருக்கும் இதே கேள்விகள்தான்.

இப்போது என்னிடம் பெயர் எழுதாத தொட்டி ஒன்று இருக்கிறது. மீட்புச் செடி விற்பனையில் வாங்கியது. தொட்டால் உடம்பு கொஞ்சம் தளதளவென்று இருக்கிறது, ஓரமுட்கள் நாற்பதுக்கு மேல், கொக்கி மூன்று. டெட்ரான்சிஸ்ட்ராவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால் தண்ணீரை மற்றவற்றுக்குக் கொடுப்பதில் பாதியாகக் குறைத்துவிட்டேன், அது சீக்கிரம் அழுகிவிடும் என்று பெயர் எடுத்த செடி. போன மாதம் பூத்தது. காய் உள்ளே பிடித்திருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. பழம் வெளியே வந்ததும் விதையைப் படம் எடுத்துப் போடுகிறேன், தக்கை இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.